ஐசிசிபி லாக் ஷீட்டை யாராவது படிக்கிறீர்களா? – டெக்னிக்கல் சூப்பரிண்டெண்டெண்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

கப்பல்களின் பராமரிப்பைக் கரையில் இருந்து மேற்பார்க்கும், கப்பல் நிர்வாக நிறுவனங்களின் டெக்னிக்கல் சூப்பரிண்டெண்டெண்டுகளுக்கு,

வணக்கம். மாதக் கடைசியில் கப்பலில் இருந்து உங்களுக்கு வரும் ஃபைல் குவியலில் ஐசிசிபி லாக் ஷீட் என்று ஒன்று இருக்கும் (ஐசிசிபி என்பது ஹல், அதாவது கப்பலின் உடல், கடல்நீரில் அரிக்காமல் மின்சாரம் கொடுத்துக் காக்கும் ஏற்பாடு). தேதி, கப்பல் இருந்த இடம், கடலுக்குள் மின்சாரம் விடும் ஒவ்வொரு ஆனோடும் கொடுத்த ஆம்பியர், வோல்ட், ஹல்லின் மின்னழுத்தத்தை அளக்கும் ரெஃபரன்ஸ் செல் காட்டிய மில்லிவோல்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை ஹல்லோடு மின்தொடர்பில் வைக்கும் ஷாஃப்ட் எர்த்திங்கின் அளவு. அதை நீங்கள் திறப்பதே இல்லை என்று நினைக்கிறேன். சும்மா சொல்லவில்லை. நான் ஏறிய ஒரு கப்பலில் பழைய ஃபைல்களைப் புரட்டினால் மாதக்கணக்கில் ஒரே எண்கள். கப்பல் கடலில் இருந்து ஆற்றுக்குள் போய்த் திரும்பியிருக்கிறது, எண்கள் ஒரு மில்லிவோல்ட்கூட அசையவில்லை. போன மாத ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரே வைக்காமல் 98.4 என்று எழுதிவைக்கிற வேலை. அலுவலகத்தில் இருந்து ஒருவர்கூட ‘என்னப்பா இது’ என்று கேட்கவில்லை. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் யாரும் படிக்காத ஒன்றை ஒழுங்காக எழுத எத்தனை பேருக்கு மனசு வரும் சொல்லுங்கள்.

மெயின் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பநிலை மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஏறினால் அன்றைக்கே போன் வந்துவிடுகிறது. சிலிண்டர் ஆயில் செலவு கூடினால் விளக்கம் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்குக் கீழே ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் எஃகு இருக்கிறது, எப்போதாவது டைவர் எடுக்கும் கலங்கலான வீடியோவை விட்டால், கப்பலைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் அடுத்த டிரை டாக் வரைக்கும் அதை யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை, அதைப் பற்றித் தினமும் பதிவாகும் ஒரே செய்தி இந்த லாக் ஷீட்தான். அதைப் படியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களில் பலர் இன்ஜின் பக்கம் வளர்ந்தவர்கள் என்பதால் அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் கிடக்கும் எஃகு, எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீரில் கரைகிறது; அரிப்பு என்பது அதுதான். வெளியில் இருந்து நாமே எலக்ட்ரான்களைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அது கரைய வேண்டியதில்லை. துத்தநாகக் கட்டிகளை வெல்டு வைத்தால் அவை தாங்கள் கரைந்து இந்த வேலையைச் செய்யும். ஐசிசிபியில் அதை ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் பேனல் செய்கிறது: ஹல்லில் பதித்த ஆனோடு வழியாக டிசி மின்சாரம் கடலுக்குள் இறங்கி, தண்ணீர் வழியாகவே பெயின்ட் போன இடங்களைத் தேடிப் போய்ச் சேருகிறது. சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ் செல்லை வைத்து அளந்தால், பாதுகாப்பில்லாத எஃகு ஏறக்குறைய மைனஸ் 0.60, 0.65 வோல்ட்டில் இருக்கும். மைனஸ் 0.80-க்குக் கொண்டுபோனால் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். மைனஸ் 1.10-ஐத் தாண்டினால் வேறு வம்பு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்த இடத்திலேயே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. எல்லாக் கப்பலிலும் சில்வர் குளோரைடு செல் இல்லை. பல கப்பல்களில் துத்தநாக ரெஃபரன்ஸ். துத்தநாகத்தை வைத்து அளந்தால் எண்கள் பிளஸ்ஸில் வரும், திசையும் தலைகீழாகத் தோன்றும். பாதுகாப்பில்லாத ஹல் 400 மில்லிவோல்ட்டை ஒட்டிக் காட்டும், 250-க்குக் கீழே இறங்கினால்தான் பாதுகாப்பு. அதாவது ஒரு கப்பலில் (மைனஸ் குறியை விட்டுப் பார்த்தால்) எண் பெரிதாக இருந்தால் நல்லது, இன்னொரு கப்பலில் எண் சிறிதாக இருந்தால் நல்லது. பல கப்பல்களை ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிடும் அலுவலகத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? எனக்கு ஒருமுறை ‘உங்கள் கப்பலில் மட்டும் ரீடிங் ஏன் இவ்வளவு குறைவு, உடனே ஏற்றுங்கள்’ என்று மெயில் வந்தது. துத்தநாக செல். ரீடிங்கை ஏற்றுவது என்றால் கரன்ட்டைக் குறைத்து ஹல்லை அரிக்க விடுவது என்று அர்த்தம். ஏற்றவில்லை, பதில் மட்டும் எழுதினேன்.

செல் கெட்டுப்போகும்போதும் இதே வித்தியாசம் குழி பறிக்கும். செல்லின் கேபிள் எங்கோ நசுங்கி ஹல்லோடு ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். பேனலுக்கு 0 தெரியும். துத்தநாக செல்லாக இருந்தால் ‘ஹல் துத்தநாகத்தின் அளவுக்கே வந்துவிட்டது, போதும் போதும்’ என்று பேனல் கரன்ட்டை அடியோடு குறைத்துவிடும். சில்வர் குளோரைடாக இருந்தால் அதே 0-வைப் பார்த்து ‘பாதுகாப்பே இல்லை’ என்று முழு வேகத்தில் கரன்ட்டைத் தள்ளும். முதல் கப்பல் சத்தமில்லாமல் அரிக்கும், இரண்டாவது கப்பலில் பெயின்ட் உரியும். அலாரம் கொடுக்கும் பேனல்களும் உண்டு, ஆனால் அந்த அலாரத்தை ஆஃப் செய்து வைத்திருக்கிற கப்பல்களும் உண்டே. இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், லாக் ஷீட்டில் மில்லிவோல்ட்டையும் ஆம்பியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். முன்பக்க செல் ஒன்று சொல்லி, பின்பக்க செல் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் வேறொன்று சொன்னால், ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

ஆம்பியர் கணக்கில் இருக்கும் தகவலை நீங்கள் விட்டுவிடுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். நல்ல பெயின்ட் இருக்கும் ஹல்லுக்குச் சதுர மீட்டருக்குச் சில மில்லிஆம்பியர் போதும். வெற்று எஃகுக்கு நூறு மில்லிஆம்பியருக்கு மேலேகூட வேண்டியிருக்கும். அதனால் அதே ரூட்டில், அதே வேகத்தில், அதே டிராஃப்டில் (கப்பல் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்) ஓடும் கப்பலுக்கு வருஷத்துக்கு வருஷம் ஆம்பியர் ஏறிக்கொண்டே போனால் பெயின்ட் தேய்கிறது. ஒரே நாளில் குதித்தால் எங்கோ உரசியிருக்கிறது, ஃபெண்டரோ, ஆங்கர் செயினோ, தரையோ. டைவர்கள் பிரஷ் போட்டு ஹல்லைக் கழுவிய மறுநாள் ஏறினால், பாசியோடு பெயின்ட்டையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். பெயின்ட் கம்பெனியோடு கியாரண்டி விஷயமாகச் சண்டை போடும்போது இதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

ஆனால் வெறும் ஆம்பியரை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கப்பல் ஓடும்போது ஹல்லுக்கு ஆக்சிஜன் அதிகம் வந்து சேரும், கரன்ட் கூடும், கட்டிக்கிடக்கும்போது குறையும். ஆற்றுக்குள் நுழைந்தால் தண்ணீரின் மின்தடை பல மடங்கு ஏறும், பேனல் வோல்ட்டை உச்சத்துக்குத் தள்ளியும் ஆம்பியர் சொற்பமாகத்தான் போகும். அதைப் பார்த்து ஆனோடு செத்துவிட்டது என்று புது ஆனோடு ஆர்டர் போட்டவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குத் திரும்பியதும் அதே ஆனோடு எழுந்து உட்கார்ந்து வேலை செய்யும். எனவே லாக் ஷீட்டில் தண்ணீர் உப்பா நன்னீரா, வெப்பநிலை என்ன, கப்பல் ஓடியதா நின்றதா, டிராஃப்ட் என்ன என்ற நான்கு கட்டங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் படிவத்தில் அவை இல்லை. ‘ரிமார்க்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் எல்லாரும் ‘நார்மல்’ என்று எழுதுகிறார்கள்.

அடுத்தது டிரை டாக். பிளாஸ்டிங்குக்கும் பெயின்டிங்குக்கும் முன்னால் ஆனோடையும் ரெஃபரன்ஸ் செல்லையும் டேப்பும் அட்டையும் ஒட்டி மூடுவார்கள். வேலை முடிந்து தண்ணீர் ஏற்றும் முன் அதைப் பிரிக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைசி நாள் ராத்திரியில், இன்னும் டச்-அப் நடந்துகொண்டிருக்கும்போது, ஸ்டேஜிங்கை இறக்கிக்கொண்டிருக்கும்போது, டாக் மாஸ்டர் நேரத்தைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்போது, அந்த உள்ளங்கை அகல செல் யார் கண்ணுக்கும் படுவதில்லை. ஒரு கப்பலில் டாக்கை விட்டு வெளியே வந்ததில் இருந்து ஸ்டார்போர்டு ரெஃபரன்ஸ் செல் தாறுமாறாக ஆடிக்கொண்டே இருந்தது. பேனலைத் திறந்து கார்டு மாற்றினோம், மெக்கர் வைத்து கேபிளின் இன்சுலேஷனைப் பார்த்தோம், ஜங்ஷன் பாக்ஸைப் பிரித்துத் துடைத்தோம். கடைசியில் அடுத்த துறைமுகத்தில் டைவர் இறங்கிப் பார்த்தால், செல்லின் வாயை மூடி அச்சாக, வழவழவென்று, பாசி பிடிக்காமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட். சிவப்பு நிறத்தில், விளிம்பில் டேப் ஓரம்கூடத் தெரிந்தது. பெயின்டர் ரொம்ப நேர்த்தியான ஆள், ஒரு இடம் விடவில்லை.

டிரை டாக் ஸ்பெசிஃபிகேஷனில் ஐசிசிபிக்கு ஒரு வரி, அதுவும் ‘செக் அண்ட் கிளீன்’. யார் செக் செய்வது, எப்போது, எதை? எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஹல் காய்ந்திருக்கும்போதே ஒவ்வொரு ஆனோடுக்கும் செல்லுக்கும் ஹல்லோடு உள்ள இன்சுலேஷன் அளவை எடுத்து எழுதி வைப்பது, ஆனோடைச் சுற்றித் தடிமனாகப் பூசிய எபாக்ஸி ஷீல்டு வெடித்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது, தண்ணீர் ஏற்றும் முன் மூடிகளைப் பிரித்ததற்கு கப்பல்காரர் ஒருவர் கையெழுத்துப் போடுவது. அந்த ஷீல்டு அலங்காரத்துக்கு இல்லை. ஆனோடு பக்கத்தில் கரன்ட் மிக அடர்த்தியாக இருக்கும்; ஷீல்டு உடைந்தால் பக்கத்து எஃகு மேலேயே மொத்தமும் பாய்ந்து, தூரத்து இடங்கள் பட்டினி கிடக்கும்.

இப்போது அந்த மைனஸ் 1.10 வம்பு. அதிகப் பாதுகாப்பு என்றால் அதிக நல்லது என்று நினைத்து செட்டிங்கை ஏற்றச் சொல்லும் பழக்கம் உங்களில் சிலருக்கு இருக்கிறது. எஃகின் மேல் கரன்ட் வந்து சேரும் இடத்தில் ஹைட்ராக்சைடு உருவாகி, ஒட்டியிருக்கும் நீர் காரமாகிறது. ஓரளவுக்கு அது நல்லதுதான், கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளையாகப் படிந்து வெற்று இடத்தை மூடிக்கொடுக்கும், கரன்ட் தேவையும் குறையும். எல்லை மீறினால் அதே காரம் பெயின்ட்டுக்கும் எஃகுக்கும் நடுவே புகுந்து பெயின்ட்டைத் தூக்கிவிடும், ஹைட்ரஜன் வாயுவும் வரத் தொடங்கும், உயர்வலிமை எஃகு என்றால் அந்த ஹைட்ரஜன் உள்ளே போய் அதை நொறுங்க வைக்கலாம். பெயின்ட் உரிந்தால் வெற்று எஃகு கூடும், அதற்கு இன்னும் கரன்ட் வேண்டும், பேனல் இன்னும் தள்ளும். செட்டிங்கை விட்டுவிடுங்கள்.

ஷாஃப்ட் எர்த்திங் பற்றி எழுதாமல் இந்த மடலை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. புரொப்பெல்லர் பெயின்ட் இல்லாத வெற்று உலோகம், கரன்ட்டை நிறைய இழுக்கும். ஷாஃப்ட் சுழலும்போது பேரிங்கில் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது, அதாவது ஹல்லோடு அதற்கு நல்ல மின் தொடர்பு கிடையாது. அதனால்தான் ஷாஃப்ட்டில் வெள்ளி பூசிய ஸ்லிப் ரிங், அதன்மேல் வெள்ளி-கிராஃபைட் பிரஷ். அது சரியாக இருந்தால் புரொப்பெல்லரும் பாதுகாப்புக்குள் வரும். இல்லாவிட்டால் கரன்ட் ஆயில் படலத்தைத் தாண்டிப் பொறியாகப் பாயும், பேரிங்கின் வெள்ளை உலோகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழும். ஷாஃப்ட்டுக்கும் ஹல்லுக்கும் நடுவே 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. ஷாஃப்ட் டனலில் போய்ப் பாருங்கள்: ரிங் மேல் ஆயில் ஆவியும் கார்பன் தூளும் சேர்ந்து கருப்புப் பசையாக இருக்கும், பிரஷ் தேய்ந்து ஹோல்டரோடு மட்டமாகி, ஸ்பிரிங் எதையும் அழுத்தாமல் சும்மா நிற்கும். ரீடிங்கோ லாக்கில் அற்புதமாக இருக்கும், ஏனென்றால் ஆங்கரில் நிற்கும்போது எடுத்தது. ஷாஃப்ட் நின்றால் உலோகம் உலோகத்தின்மேல் உட்கார்ந்துவிடும், யார் எடுத்தாலும் நல்ல எண்தான் வரும். ஓடும்போது எடுத்ததா என்று ஒரு கேள்வி கேளுங்கள், பாதிப் பொய் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

சுக்கானுக்கும் இதே கதை, அங்கே பிரஷ் இல்லை, ஸ்டீயரிங் கியர் ரூமில் சுக்கான் ஸ்டாக்கில் இருந்து ஹல்லுக்கு ஒரு வளையும் கேபிள். அது இரண்டு பக்கமும் ஆடி ஆடி ஒருநாள் லக்கில் அறுந்துபோகும். அறுந்தது தெரியாமல் சுக்கானில் விழுந்த குழிகளுக்கு முழுப் பழியையும் பெயின்ட் மேல் போட்ட ரிப்போர்ட்டுகளைப் படித்திருக்கிறேன்.

‘ஐசிசிபி ஓடியும் ஏன் பாசி பிடித்திருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு: ஐசிசிபி அரிப்புக்கு, பாசிக்கு இல்லை. இன்ஜின் ரூமில் பக்கத்திலேயே தொங்கும் எம்ஜிபிஎஸ் பேனல்தான் கடல்நீர்க் குழாய்களில் உயிரினங்கள் வளராமல் தடுப்பது. அதில் தாமிர ஆனோடு கரைய வேண்டும், அதுதான் அதன் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வது புதிதில்லை என்றாலும் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே தீர்ந்த விஷயம். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்காக, மரக் கப்பல்களின் தாமிரத் தகடு அரிக்காமல் இருக்க அதில் இரும்பும் துத்தநாகமும் கட்டிப் பார்த்தார். தாமிரம் பிரமாதமாகப் பிழைத்தது. ஆனால் கரையாத தாமிரம் விஷத்தைக் கக்கவில்லை, பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டன, கப்பல் வேகம் குறைந்தது, கடற்படை அந்த ஏற்பாட்டையே கழற்றி எறிந்தது. டேவியின் அறிவியலில் தப்பில்லை, கேட்டதைத்தான் செய்தார்.

டைவர்கள் இறங்கும்போது பேனலை ஆஃப் செய்கிறோம், சரி. அவர்கள் ஏறியதும் ஆன் செய்ய வேண்டும் என்று உங்கள் பர்மிட் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை, அதனால் வாரக்கணக்கில் ஆஃபிலேயே ஓடிய கப்பல்கள் உண்டு. டேங்கர் பார்க்கும் நண்பர்களுக்கு இன்னொன்று: டெர்மினலில் ஹோஸ் கழற்றும்போது பொறி வரும் என்று பயந்து கடைசி நிமிஷத்தில் ஐசிசிபியை ஆஃப் செய்யச் சொல்வது பலன் தராது. ஹல் அடைந்த மின்னழுத்தம் சுவிட்சை அணைத்த உடனே போய்விடாது. டேங்கர்-டெர்மினல் பாதுகாப்புக் கையேடான இஸ்காட் சொல்வது, ஹோஸ் வழியாக மின்சாரம் பாயாமல் தடுக்கும் இன்சுலேட்டிங் ஃபிளேஞ்சை. அது இருக்கிறதா, அதன்மேல் யாராவது பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி ரிப்பேர் யார்டு விஷயம், இதில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஆம்பியர் டிசி மின்சாரம் எஃகை விட்டுத் தண்ணீருக்குள் வெளியேறினால் வருஷத்துக்கு 9 கிலோ இரும்பு போகும், நாளைக்கு 25 கிராம். தண்ணீரில் மிதக்கும் கப்பலில் வெல்டிங் நடக்கிறது, மெஷின் கரையில் இருக்கிறது, ரிட்டர்ன் கேபிளைக் கப்பலில் போடாமல் ஜெட்டி இரும்பில் கவ்விவிட்டார்கள். 200 ஆம்பியர் தண்ணீர் வழியாகவே திரும்பினால், 24 மணி நேர வெல்டிங்குக்கு 5 கிலோ. ஹல் முழுக்கச் சமமாகப் போனால் கவலையில்லை, ஆனால் அது பெயின்ட் கீறிய சின்னச் சின்ன இடங்கள் வழியாகத்தான் போகும். பேனலை மாற்றிய பிறகு பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தாலும் இதே கணக்குதான், பேனல் ஓடுகிற நாள் முழுக்க. எனவே புது ரெக்டிஃபையர் போட்ட அன்று ரெஃபரன்ஸ் ரீடிங் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்காமல் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று எல்லாக் கப்பலுக்கும் ஒரு வரி அனுப்புங்கள்.

கப்பல்களின் கத்தோடியப் பாதுகாப்புக்கென்றே (எலக்ட்ரான் கொடுத்து அரிப்பைத் தடுக்கும் இந்த முறைக்குத்தான் அந்தப் பெயர்) 2018-இல் ஐஎஸ்ஓ 20313 தரநிலை வந்தது, ஐரோப்பாவில் அதற்கு முன்பே ஈஎன் 16222 இருக்கிறது. படிவத்தைத் திருத்த அதில் இருந்து தொடங்கலாம். ஈடிஓ, அதாவது மின் அதிகாரி, இல்லாத கப்பல்களில் இந்த வேலை செகண்ட் இன்ஜினியர் தலையில் விழுகிறது, அவருக்கு ஏற்கனவே மூச்சுவிட நேரமில்லை. குறைந்தபட்சம் உங்கள் செல் துத்தநாகமா சில்வர் குளோரைடா, எந்த எண்ணுக்கு எந்தப் பக்கம் நல்லது என்று பேனல் கதவிலேயே ஒட்ட ஒரு தாள் அனுப்பலாமே. மாதம் ஒருமுறை லாக் ஷீட்டுக்குப் பதில் போடுங்கள், ஒரு வரி போதும், ‘7-ஆம் தேதி ஆம்பியர் ஏன் ஏறியது’ என்று கேட்டால்கூட, அடுத்த மாதம் யாரும் பழைய ஃபைலைக் காப்பி அடிக்க மாட்டார்கள்.

அப்புறம், ஸ்லிப் ரிங் பிரஷ் இரண்டு செட் கேட்டு அனுப்பிய இண்டென்ட்டுக்கு ‘அடுத்த டிரை டாக்கில் பார்க்கலாம்’ என்று பதில் வந்திருக்கிறது. டிரை டாக் வரும்வரை ஷாஃப்ட் சுழலப் போகிறது. பிரஷ்ஷை அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவையுங்கள், மாற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கப்பலில் இருக்கும் ஒரு மின் அதிகாரி